நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்துக்கு ஒரு கோடு

அனுப்புநர்:
திருமதி ஞானசவுந்தரி மரியநாயகம்,
3ஆம் வட்டாரம், எழுவைதீவு.

பெறுநர்:
பொறுப்பதிகாரி அவர்கள்,
தீவகக் கிளினிக் கணினித் திட்டம்,
ஊர்காவற்றுறை.

விடயம்: மென்பொருட் குழுவினர் வேலைகளை வரிசைப்படுத்தும் முறை

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் மரியநாயகம் கடற்றொழிலாளி. வலிப்பு நோய்க்கு மாதாமாதம் ஊர்காவற்றுறைக் கிளினிக்கில் மருந்துக் குளிசை எடுப்பவர். வைகாசி தொடக்கம் நோயாளருக்குத் தங்கள் கணினியே நேரம் குறிக்கிறது. எங்கள் தீவாருக்குப் பிற்பகல் இரண்டரை, இரண்டே முக்கால் என்றுதான் விழுகிறது. எழுவைதீவுக்குத் திரும்பும் கடைசி வள்ளம் ஒரு மணிக்கு. குறித்த நேரத்துக்கு முன் கணினி மருந்துத் துண்டு அடித்துத் தராதாம்.

2. இதை 03.06.2005 அன்றே மனுவாகத் தந்தோம். எங்கள் ஊர் வழக்கப்படி ஒருவர் எழுத மற்றவர்கள் கீழே கையெழுத்து வைத்தோம். மாதா கோயில் வேதக்காரரும் சைவர்களுமாக 112 பேர்.

3. ஓகஸ்ட் 10ஆம் திகதி கடைசி வள்ளத்தைப் பிடிக்கக் குளிசை இல்லாமலே திரும்பினோம். மிச்சத்தைப் பாதி பாதியாக உடைத்துக் கொடுத்தேன். 23ஆம் திகதி கடலில் அவருக்கு வலிப்பு வந்து தண்ணீருக்குள் விழுந்தார். கூடப்போன நடராசா அண்ணை தலைமயிரில் பிடித்து இழுத்திராவிட்டால் இந்த மனுவை நான் வேறு விதமாக எழுதியிருப்பேன்.

4. மறுநாள் கிளினிக் தாதியம்மா இரங்கி, துண்டு இல்லாமலே மூன்று கிழமைக்கு, இருபத்தொரு நாளுக்குக் குளிசை தந்தார். அன்றே தங்கள் கணினி அறைக்கும் போனேன். சுவர்ப் பலகையில் 26 வேலைகள் எழுதியிருந்தன. முதலாவது: கணினியின் முதற்பக்கத்துக் குத்துவிளக்கு எரிவதுபோல் அசைய வேண்டும், பக்கத்தில் ஒன்பது கோடு. இரண்டாவது: அலுவலர் பெயர்கள் பெரிய எழுத்தில் வர வேண்டும், ஏழு கோடு. வள்ள நேரம் இருபத்துமூன்றாவது, ஒரு கோடு.

5. குழுத் தலைவர் தயாபரனிடம் கேட்டேன். "அன்ரி, எத்தனை மனு வந்ததோ அத்தனை கோடு. நீங்கள் ஒண்டுதானே தந்தனீங்கள்" என்றார். கையெழுத்துகளைப் பாரும் தம்பி என்றேன். "கையெழுத்துக்குக் கோடில்லை. ஆளுக்கொரு துண்டு எழுதிக்கொண்டு வாருங்கோவன்" என்றார். பக்கத்திலிருந்தவர் சிரித்தார். அவர்கள் சோம்பேறிகள் அல்ல. நான் வள்ளத்துக்கு வெளிக்கிடும் வரை காலைச் சாப்பாட்டுக்கும் எழும்பாமல் வேலை செய்ததைக் கண்டேன். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். அவ்வளவு பாடும் விளக்கை அசைக்கவா?

6. ஐயா, நான் நாலு பிள்ளை வளர்த்தவள். நாலும் ஒன்றாக அழைத்தால் உரத்துக் கத்துகிற பிள்ளையிடம் ஓடமாட்டேன். கிணற்றுக்கட்டில் ஏறி நிற்கிற பிள்ளையிடம்தான் ஓடுவேன். அது சில வேளை சத்தமே போடாது. ஆண்டவரும் தொண்ணூற்றொன்பது ஆட்டை விட்டு ஒன்றைத் தேடிப் போனவர். கோடு எண்ணியிருந்தால் போயிருக்கமாட்டார்.

7. ஆகையால், எது பிந்தினால் ஆளுக்குக் கேடு வருமோ அதைப் பலகையில் முதலில் எழுதும்படி குழுவினருக்குக் கட்டளையிட வேண்டுகிறேன். தீவாரின் நேரத்தைக் காலை பதினொரு மணிக்கு முன்னதாக மாற்றுவது பெரிய வேலையல்ல என்று தயாபரனே ஒப்புக்கொண்டார். ஒரு நாள் போதுமாம்.

8. கணவரின் அடுத்த தவணை 14.09.2005, பிற்பகல் 2.45. அவரிடமுள்ள குளிசை 13ஆம் திகதியோடு முடிகிறது. எனக்குப் பதில் எழுதி நேரத்தைப் போக்க வேண்டாம். அந்த மணியை மாற்றித் தாருங்கள்.

இங்ஙனம்,
தங்கள் நீதியை நம்பியிருக்கும்,
ஞா. மரியநாயகம்

எழுவைதீவு
09.09.2005