நீ பேசாமல் நிற்கும் நேரம்

அன்புத் தம்பி இசக்கிமுத்து,

நாலைந்து நாளாக எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. காலையில் நடக்கப் போனால் பாதி வழியில் திரும்பிவிடுகிறேன். பேப்பரை விரித்தால் ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டால் தீர்ந்துவிடும் விஷயம். கேட்க வழியில்லாததால் எழுதுகிறேன். உன்னோடு வேலை பார்த்தவர்களும் உன்னிடம் படித்தவர்களும் கூட இருந்து படிக்கட்டும்.

ஊர்ச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். சாரல் இறங்கிவிட்டது. நீ இல்லாமல் வரும் இரண்டாவது சாரல். தென்காசியில் காலையில் உலர்த்திய வேட்டி சாயங்காலமும் ஈரமாகவே கிடக்கிறது. குற்றாலம் ரோட்டில் வேன்களுக்கு நடுவில் சைக்கிள் போக இடமில்லை. உன் வீட்டில் பகவதி நன்றாக இருக்கிறாள். வாசலில் நீ வைத்த மாதுளை இந்த வருஷமும் பூத்ததோடு சரி.

நம் பள்ளிக்கூடத்தில் நீ அறிவியல் நடத்திய எட்டாம் வகுப்பு அறைக்குப் பெரிய தொடுதிரை வந்திருக்கிறது. கரும்பலகையை ஓரமாகத் தள்ளிவிட்டு அதை மாட்டியிருக்கிறார்கள். அதில் அதிகமாக ஓடுவது யார் தெரியுமா? நீதான்.

கொரோனாவில் பள்ளிக்கூடத்தைப் பூட்டியபோது நீ ஆரம்பித்த வேலை அது. நான் ஓய்வு பெற்று வீட்டில் சும்மா இருந்தேன். "அண்ணாச்சி, கணக்கு வாத்தியாருக்குக் கை ஆடாதுல்லா, போனைப் பிடிங்க" என்று என்னைக் கேமராமேன் ஆக்கினாய். அறைக்குள் நின்று பாடம் நடத்த உனக்குப் பிடிக்கவில்லை. பிள்ளைகள்தான் வெளியே வர முடியவில்லை, பாடமாவது வெளியே போகட்டும் என்றாய். பள்ளி திறந்த பிறகும் நீ விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் உன் வண்டி என் வாசலில் வந்து நிற்கும்.

பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் எடுத்தது நினைவிருக்கிறதா? முதுகில் மூட்டை சுமப்பவர் ஏன் முன்னால் குனிந்து நடக்கிறார் என்று போனைப் பார்த்துக் கேட்டுவிட்டு, வழக்கம்போல் பேசாமல் நின்றாய். பக்கத்தில் வெங்காய மூட்டையோடு அந்த அண்ணாச்சியும் நின்றார். நின்றார், நின்றார், பிறகு பொறுக்கவில்லை. "ஏ வாத்தியாரே, ஒம்ம பிள்ளைக யோசிச்சு முடிக்கதுக்குள்ள என் இடுப்பு ஒடிஞ்சிரும் போலிருக்கே. எறக்கி வச்சுக்கிடட்டுமா?" அதையும் நீ வெட்டாமல் விட்டாய். பிள்ளைகளுக்கு ஈர்ப்பு மையம் மறந்தாலும் அந்த இடுப்பு மறக்காது.

கேள்வி கேட்டால் காத்திருப்பது உன் வழக்கம். வகுப்பில் அப்படித்தான், வீடியோவிலும் அப்படித்தான். எனக்குத்தான் தாங்காது. கை வலிக்கும், போனில் சார்ஜ் இறங்கும். ஐந்தருவியில் எடுத்த பாடத்தில் நான் இருமியதே உன்னை விரட்டத்தான், அது உனக்கும் தெரியும். எடுத்து முடித்ததும் சொன்னாய்: "அண்ணாச்சி, இப்ப எங்கயோ ஒரு வீட்ல ஒருத்தன் யோசிச்சிட்டிருப்பான். அவனைக் கெடுக்காதிய." அந்த இருமலும் அப்படியே பாடத்தில் இருக்கிறது. பாட்டுக்கு நடுவே தாளம் போல அது முந்தின வருஷப் பிள்ளைகளுக்கு மனப்பாடம். அவர்கள் சொல்லிச் சொல்லி இன்று பள்ளிக்கூடம் முழுக்க எனக்கு 'இருமல் சார்' என்று பெயர். முப்பது வருஷத்துக்கு மேல் அல்ஜீப்ரா நடத்தி வாங்காத புகழ்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

உன் இடத்துக்குப் பாத்திமா டீச்சர் வந்திருக்கிறார். கடையநல்லூர்க்காரர், சின்ன வயது, கெட்டிக்காரர். உன் பாடங்களைத் தேடிப்பிடித்து ஒழுங்குபடுத்தியது அவர்தான். போன வாரம் வீட்டுக்கு வந்தார். "சார், இசக்கி சார் கேள்வி கேட்டுட்டு ரொம்ப நேரம் சும்மா நிக்காங்க. பிள்ளைக அந்த நேரத்துல ஒரே சத்தம் போடுதுங்க. ஒரு ஆப் இருக்கு, பேச்சு இல்லாத இடத்தை எல்லாம் அதுவே வெட்டிரும். மிச்ச நேரத்துல செய்முறை செஞ்சு காட்டலாம்லா?"

அவர் சொன்னதில் தப்பில்லை. கடையம், பாவூர்சத்திரம் பக்கத்துப் பள்ளிகளும் உன் பாடங்கள் வேண்டும் என்று கேட்டிருக்கின்றன. வெட்டிய வடிவத்தைத்தான் அனுப்புவதாக ஏற்பாடு. ஒரு தடவை போய்விட்டால் அதுதான் எல்லா வகுப்பிலும் ஓடும், நீ காத்திருந்தது யாருக்கும் தெரியாது. பகவதியிடம் சம்மதம் கேட்டதற்கு, "எனக்கு என்ன தெரியும்? அண்ணாச்சிதான கூடவே நின்னாவ. அவுக சொன்னா சரி" என்று என் தலையில் வைத்துவிட்டாள். திங்கட்கிழமைக்குள் நான் பதில் சொல்ல வேண்டும்.

முதலில் வெட்டிய பாடத்தை ஒரு வகுப்பில் உட்கார்ந்து பார்த்தேன். ஐந்தருவிப் பாடம்தான். "கையில அள்ளினா தண்ணிக்கு நிறமே இல்ல. விழும்போது மட்டும் ஏன் வெள்ளையா இருக்கு?" என்று கேட்கிறாய். கேட்ட மூச்சு அடங்குவதற்குள் பதிலையும் நீயே சொல்கிறாய். செங்கோட்டை பஸ்ஸுக்கு ஓடுகிறவன் மாதிரி ஒரு நீ. பிள்ளைகள் அமைதியாக இருந்தார்கள், அழகாக எழுதிக்கொண்டார்கள். கடைசியில் டீச்சர் கேட்டபோது ஒருத்தி உன் வாக்கியத்தை ஒரு சொல் பிசகாமல் சொன்னாள். எதைக் குறை சொல்வது? ஆனால் உன்னை யாரோ கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனது போல இருந்தது.

மறுநாள் அடுத்த பிரிவில் முழுப் பாடத்தையும் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன். பாத்திமா டீச்சர் சரி என்றார். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன்.

நீ கேள்வியைக் கேட்டாய். நின்றாய். உன் பின்னால் அருவி இரைகிறது. என் இருமல் வந்ததோ இல்லையோ, வகுப்பே திரும்பி என்னைப் பார்த்து, "இருமல் சார்!" என்று கத்தியது. பார்த்தீர்களா என்பது போல டீச்சர் என்னை ஒரு பார்வை பார்த்தார். சத்தம் கொஞ்சம் அடங்கியது. ஒருவன் சொன்னான்:

"தண்ணில பால் கலந்திருக்கும்லே."

"ஒங்க வீட்டுப் பாலா இருக்கும். அதுலதான பாதி தண்ணி!"

"ஏலே, எங்க மாட்டைப் பத்திப் பேசாத!"

அந்தச் சிரிப்புக்கு நடுவில் ஜன்னலோரம் ஒரு பெண் எழுந்தாள். மாரிச்செல்வி என்று பெயர். வாயே திறக்காத பிள்ளை என்று பிறகு டீச்சர் சொன்னார். "டீச்சர், பச்சை சோப்புப் போட்டாலும் நுரை வெள்ளையாத்தான..." என்று தொடங்கினாள்.

"சரி, இப்ப நானே சொல்லுதேன்" என்றாய் நீ.

இசக்கி, அந்த நொடியை எப்படி எழுதுவேன்? நீ வகுப்பெடுத்த காலமெல்லாம் எந்தப் பிள்ளையின் பேச்சிலும் குறுக்கே விழுந்ததில்லை. திக்கித் திக்கிப் பேசுகிற பையனுக்காக மணி அடித்த பிறகும் நின்றிருக்கிறாய். அந்த நீ, சிரித்த முகத்தோடு, அவள் நிற்பதே தெரியாமல் பேசிக்கொண்டே போகிறாய். அவள் உட்கார்ந்துவிட்டாள். எழுந்து உன் தோளைத் தட்டி நிறுத்த வேண்டும் போல எனக்குக் கை பரபரத்தது. யார் தோளைத் தட்ட?

பாத்திமா டீச்சர் ஓடிப்போய்த் திரையில் விரலை வைத்தார். நீ நின்றாய். வாய் பாதி திறந்திருக்கிறது, கை பாதி தூக்கியிருக்கிறது, பின்னால் அருவி பாதியில் நிற்கிறது.

"மாரிச்செல்வி, நீ சொல்லு."

"ஒண்ணுமில்ல டீச்சர்."

"அட, சும்மா சொல்லு பிள்ள. சார் எங்கயும் போக மாட்டாங்க."

அவள் ஒரு தடவை உன்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு சோப்பைப் பற்றிச் சொன்னாள். பால்காரர் மகன் விடவில்லை. "அப்போ அருவில யாரு சோப்புப் போட்டா?" வகுப்பு சிரித்து உருண்டது. அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏலே, நுரைங்கது சோப்பு இல்ல. சின்னச் சின்னக் குமிழிதான? அருவியும் விழும்போது ஒடைஞ்சு அப்பிடித்தான ஆகுது?" ஒருவன் ஐஸ் கட்டியைத் துருவினால் வெள்ளையாகும் என்றான். இன்னொருத்தி கல் உப்பையும் பொடி உப்பையும் உதாரணத்துக்கு இழுத்தாள். வெளிச்சம் குமிழிகளில் பட்டு நாலாப் பக்கமும் சிதறுகிறது என்கிற கடைசிப் படி மட்டும்தான் அவர்களுக்குத் தெரியவில்லை. அதைக் கேட்க எல்லோரும் திரையைப் பார்த்துத் திரும்பினார்கள். நீ அதுவரைக்கும் வாயைத் திறந்தபடியே நின்றுகொண்டிருந்தாய். டீச்சர் விரலை வைத்ததும் மிச்சத்தைச் சொன்னாய். அவ்வளவு கவனமாக உன்னை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

அன்றிலிருந்துதான் இந்த அவஸ்தை. முழுசாக விட்டால், பாத்திமா டீச்சர் இல்லாத ஏதோ ஒரு வகுப்பில் நீ ஒரு மாரிச்செல்வியை உட்கார வைத்துவிடுவாய். வெட்டினால், நீ கேட்டது கேள்வி என்றே பிள்ளைகளுக்குத் தெரியாது. நீ எடுத்து வைத்த அந்த நேரம் அன்றைய பிள்ளைக்குச் சரியாக இருந்திருக்கலாம். இன்றைய பிள்ளைக்கு அது போதாது, இன்னொரு பிள்ளைக்கு அது அதிகம். எதிரே யார் இருக்கிறார்கள் என்று தெரியாமல் எப்படிக் காத்திருப்பது? இதை நீ யோசித்திருந்தாயா? யோசித்துத்தான் பதில் தெரியாமல் ஒரு உத்தேசக் கணக்கில் நின்றாயா?

வழி சொன்னதும் பாத்திமா டீச்சர்தான். "கேள்வி முடிஞ்ச இடத்துல அதுவே நிக்கிற மாதிரி செஞ்சிரலாம் சார். யாராவது தொட்டாத்தான் மறுபடி ஓடும்."

"எவ்வளவு நேரம் நிக்கும்?"

"கரண்டு இருக்கிறவரைக்கும் நிக்கும் சார்."

"அப்போ நடுவுல உள்ளது?"

"அது வேண்டாம்லா சார். அருவிச் சத்தமும்... உங்க இருமலும்தான இருக்கு."

உடனே சரி என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வரவில்லை, தம்பி. எல்லாப் பாடத்திலும் நீ மட்டும்தான் இருக்கிறாய். நாம் இரண்டு பேரும் இருக்கிற இடம் அது ஒன்றுதான். போனுக்கு முன்னால் நீ, பின்னால் நான். பிள்ளைகளுக்கு எது நல்லது என்று கேட்க வந்த இடத்தில் எனக்கு எது வேண்டும் என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

பகவதியிடம் போய்ச் சொன்னேன். அவள் சிரித்தாள். "அவுக பாடம் எனக்கு எங்க வெளங்குது அண்ணாச்சி? நான் அவுக சும்மா நிக்க எடத்தத்தான் போட்டுப் போட்டுப் பாப்பேன். வீட்ல என்னைக்கு இப்பிடி ஒரு எடத்துல நின்னாவ, சொல்லுங்க!" பிறகு தன் போனை எடுத்துக் காட்டினாள். உன் பாடங்கள் அத்தனையும் அதில் முழுசாக இருக்கின்றன. "இது எங்கிட்ட இருக்கட்டும். பிள்ளைகளுக்கு எது ஒதவுமோ அதக் குடுத்திருங்க. நீங்க வந்தா இங்கன உக்காந்து உங்க இருமலக் கேட்டுக்கிடலாம்."

இன்று காலையில் பாத்திமா டீச்சருக்குப் போன் செய்து சம்மதம் சொல்லிவிட்டேன். ஒவ்வொரு கேள்வியிலும் நீ நிற்பாய். நடுவில் உள்ளது போய்விடும்.

சொன்ன பிறகாவது மனசு அடங்க வேண்டாமா? அடங்கவில்லை. தொட்டு ஓடவிடுவது ஒரு விரல் வேலைதானே. பாடம் முடிக்க வேண்டிய அவசரத்தில் கேள்வி வந்ததும் தொட்டுவிட்டால் என்ன ஆகும்? திரையை நிற்க வைக்கலாம். அதன் பக்கத்தில் நிற்கிற ஆளை எப்படி நிற்க வைப்பது? உனக்கு அதை யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்காமலே இருந்துவிட்டேனே.

அதனால் ஒன்று முடிவு செய்திருக்கிறேன். உன் பாடம் போகிற பள்ளிகளுக்கு நானும் போகப் போகிறேன். பாவூர்சத்திரத்துக்கும் கடையத்துக்கும் பஸ் இருக்கிறது, எனக்கு நேரம் இருக்கிறது. டீச்சர்மார் அனுமதித்தால் கடைசி பெஞ்சில் உட்காருவேன். அவர்கள் விரல் திரைக்குப் போனால், "இன்னும் கொஞ்சம் பாப்போமே" என்று கேட்டுக்கொள்வேன். மாரிச்செல்வி மாதிரி ஒரு பிள்ளை எழுந்திருக்கிறவரைக்கும் நீ வாயைத் திறந்தபடி நில். எவ்வளவு நேரம் ஆனாலும் சரி, இந்தத் தடவை நான் இருமமாட்டேன்.

உன் போனைப் பிடித்த கை இன்னும் ஆடாத,
உன் அண்ணாச்சி
ஆறுமுகம்