போய்ச் சேர்ந்த இடம்

ஜூன் 10, திங்கள்

வெயில். புழுதிக் காற்று. ஒன்பதாம் வகுப்பில் உலக வரைபடம் மாட்டினேன், ஆணி கழன்றது, மறுபடி மாட்டினேன். வாங்க வேண்டியது: உளுந்து, சாக்பீஸ், அருளின் நீலச் சட்டைக்குப் பொத்தான்.

மதியம் கப்பல் ஏஜென்ட் போன். என் வீட்டுக்காரர் அருளுக்கு மூன்று நாளாக வயிற்று வலி, காய்ச்சல். குடல்வால் என்று சந்தேகம். மீன்பிடிக் கப்பல், டாக்டர் கிடையாது. சமையல்காரரான இவரிடம்தான் மருந்துப் பெட்டிச் சாவியே. பக்கத்துத் தீவில் ஒரு டாக்டர் இருக்கிறாராம். கப்பலைத் திருப்பிவிட்டார்களாம்.

"பக்கம்னா எம்புட்டு சார்?"

"ரெண்டு நாள் மேடம். கடல் அமைதியா இருந்தா."

இருக்காது. பாடம் நடத்துகிறவளுக்குத் தெரியாதா? இந்தியப் பெருங்கடலின் தென்கோடி, அங்கே காற்றை மறிக்க நிலமே இல்லை.

ஏப்ரலில் கிளம்பும்போதே வலிக்கிறது என்றார். வாயுதான் என்று ஓமத்தண்ணி கொடுத்து பஸ் ஏற்றிவிட்டேன். நான்தான்.

ஜூன் 11, செவ்வாய்

தீவின் பெயர் கெர்கலன். பள்ளி வரைபடத்தில் தேடினேன். சரியாக அந்த இடத்தின் மேல் குறிவிளக்கப் பெட்டியை அச்சடித்திருக்கிறார்கள். பதினாறு வருஷமாக அந்தப் பெட்டியைக் குச்சியால் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

போனில் படித்தது:

- விமானம் இறங்க இடமில்லை. கப்பல் மட்டும்.
- மரம் இல்லை. ஊர் என்று இல்லை. ஆராய்ச்சிக்காரர்கள் மாறி மாறித் தங்குகிறார்கள்.
- ஒரு வகைக் கோஸ் முளைக்கும். பல் ஈறு அழுகாமலிருக்க அந்தக்கால மாலுமிகள் தின்றது. பிறகு வந்தவர்கள் முயல் கொண்டுவந்து விட்டார்கள். முயல் கோஸை மேய்ந்துவிட்டது.
- சீல்களையும் திமிங்கிலங்களையும் கொன்று எண்ணெய் காய்ச்சியிருக்கிறார்கள். துருப்பிடித்த கொப்பரைகள் இன்னும் கிடக்கின்றன. கல்லறைகளும். (இதைப் படித்திருக்கக் கூடாது.)
- முதலில் பார்த்த கேப்டன் கால்கூட வைக்காமல் திரும்பி, வளமான நாடு என்று ராஜாவிடம் அளந்துவிட்டான். பின்னால் ஜெயில்.

அருளும் அந்த ஜாதிதான். எந்தக் கடலிலிருந்து பேசினாலும் "நல்லாருக்கேன்". வேறு ஒரு வார்த்தை வராது.

நேரம் நமக்கு அரை மணி பின்னால். அவ்வளவுதான். இங்கிருந்து சின்னாளப்பட்டிக்கு பஸ்ஸில் போகிற நேரம்.

ஜூன் 12, புதன்

காற்று நிற்கவில்லை. மூன்றாவது பீரியட். வாட்ச்மேனோடு சேவியர் வந்தான். அருளின் தம்பி, ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் லாரிக்குக் காய் ஏற்றுகிறவன். சட்டையெல்லாம் கோஸ் இலை.

"ஒங்க போன் ஆப்ல இருந்துச்சாம் மதினி. அண்ணனோட கப்பல்ல வேல பாக்குற தூத்துக்குடி இன்ஜினியர் எனக்குப் பேசுனாரு. அண்ணன் போய்ச் சேந்துட்டாரு மதினி."

வராந்தாவில் உட்கார்ந்து அழுதான். நான் நின்றுகொண்டே கேட்டேன்.

"அவரு என்ன சொன்னாருன்னு அப்படியே சொல்லு."

"போய்ச் சேந்துட்டாருன்னுதான். லாரிச் சத்தம். அதோட கட்டாயிருச்சு."

"எங்க போய்ச் சேந்துட்டாருன்னு?"

"மதினி, செத்த உக்காருங்க."

செத்தவரை அப்படிச் சொல்வோம். சரி. பஸ்ஸில் போனவரையும் அப்படித்தானே சொல்வோம்? போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு என்று அவரிடம் நானே சொன்னேனே.

வீட்டுக்கு வந்தால் வாசலில் வாடகை நாற்காலிகள். திருப்பி அனுப்பினேன். எல்லோரும் என்னைப் பாவமாகப் பார்த்தார்கள். ஏஜென்ட் எடுக்கவில்லை. கப்பல் நம்பர் கிடைக்கவில்லை. பதினேழு தடவை.

ஜூன் 13, வியாழன்

அந்தோணியார் திருநாள். கொட்டுச் சத்தம் தெரு முழுக்க. எங்கள் வீட்டைத் தாண்டும்போது மட்டும் நிறுத்தினார்கள். அது போதும் ஒருத்தியைக் கொல்ல.

பக்கத்து வீட்டு லூர்து அக்கா: "அழுதுருடி ஸ்டெல்லா. நெஞ்சுக்குள்ள வச்சிருக்காத."

அழவில்லை. அழுதால் ஒத்துக்கொண்ட மாதிரி.

ஏஜென்ட் ஒருவழியாக எடுத்தார். "மெயில் போட்டிருக்கோம் மேடம், பதில் வரல." போய்ச் சேர்ந்தார் என்றால் என்ன சார் அர்த்தம் என்று கேட்டேன். திருநெல்வேலிக்காரர், அவருக்கும் ரெண்டு அர்த்தமும் தெரியும். மறுபடி மெயில் போடுகிறேன் என்று வைத்துவிட்டார்.

அந்தோணியார் கோயிலுக்குப் போனேன். காணாமல் போன சாவி, மோதிரம் எல்லாம் கண்டுபிடித்துத் தருகிறீர், இதையும் பாரும் என்று சொன்னேன். சண்டை போடுகிற குரல்தான் வந்தது.

பயமாக இருக்கிறது. இங்கேயாவது எழுதிவைக்கிறேன்.

ஜூன் 14, வெள்ளி

தண்ணீர் வந்தது, ஆறு குடம். மாவு புளித்துவிட்டது. பள்ளிக்கு லீவு சொல்லியாச்சு. சேவியர் வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறான்.

10.40. நீள நம்பர். அங்கே 10.10.

"ஸ்டெல்லா. தீவுக்குப் போய்ச் சேந்துட்டேன்னு சொல்லச் சொன்னனே, சொன்னாங்களா?"

"சொன்னாங்க."

"ஆபரேசன் முடிஞ்சுருச்சு. நல்லாருக்கேன்."

"பொய் சொல்லாதீங்க. வலிக்குதா?"

ஒரே காற்றுச் சத்தம். அங்கேயா, இங்கேயா, தெரியவில்லை.

"உயிர் போகுதுடி" என்றார்.

அப்போதுதான் அழுதேன்.