அக்கா என்பது கடைசிப் பாடம்

என் செல்ல அப்பாவுக்கு,

வேடசந்தூர் வீடு பூட்டிக் கிடக்கிறதே என்று மேலே இருந்து பார்த்துப் பதறாதீர்கள். அம்மா, நான், தம்பி மூவரும் திண்டுக்கல்லுக்குக் குடிவந்துவிட்டோம். பூட்டுச் செய்கிற ஊருக்கு, ஒரு வாயைத் திறக்க வந்திருக்கிறோம்.

வாய் நம் முத்துவுடையது. அவனைப் போல் காது கேட்காத பிள்ளைகளுக்கு இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் தனி வகுப்பு இருக்கிறது. எட்டு வயதில் அவனுக்கு வகுப்பு கிடைத்தது. ஒன்பதாம் வகுப்புப் பாதியில் என் கூட்டாளிகளை எல்லாம் விட்டுவிட்டு நான் வந்தேன். என்னை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா அப்பா?

அவனுடைய டீச்சர் முதல் நாளே அம்மாவிடம் சொல்லிவிட்டார். "வீட்டுல யாரும் கைச்சாடை காட்டக் கூடாதும்மா. அவன் முகத்தப் பாத்துப் பேசுங்க. அவன் கைய உங்க தொண்டையில வைங்க. அப்பத்தான் பேச்சு வரும்."

அவ்வளவுதான், என் பெயர் போயிற்று. சடையை இழுப்பதுபோல் கையைக் காட்டுவானே, அதுதானே அவனுக்கு நான்? இனி என்னை எப்படிக் கூப்பிடுவான்?

சாயங்காலமானால் அம்மா அவன் முன்னால் சம்மணம் போட்டு, "பப்பப்பா" என்கிறாள். முகம் முழுக்க அவனுக்கு. எனக்கு முதுகும் கொண்டையும். "அம்மா, காய்ச்சல் அடிக்குது" என்றால், "கஞ்சி இருக்கு, குடி" என்கிறது கொண்டை.

காது கேட்காவிட்டால்தான் கவனிப்பு என்றால், எனக்கும் கேட்க வேண்டாம் என்று முடிவெடுத்தேன். போன ஞாயிறு இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டேன். அம்மா கூப்பிட்டாள், திரும்பவில்லை. பக்கத்தில் வந்து கத்தினாள், "ஆ?" என்றேன். பஞ்சைப் பார்த்துவிட்டாள்.

"ஏண்டி, இம்புட்டுப் பஞ்சுல ஒரு தலகாணி தச்சிருக்கலாமே" என்றது பஞ்சையும் தாண்டிக் கேட்டது. அடுப்படிக்குப் போய்விட்டாள்.

முத்துவுக்குத்தான் அது விளையாட்டு என்று தெரியவில்லை. அக்காவுக்கும் தன்னைப் போல் ஆகிவிட்டது என்று நினைத்து, கண் கலங்க ஓடிவந்து என் எதிரில் சம்மணம் போட்டான். டீச்சர் மாதிரி என் தாடையை நிமிர்த்தினான். என் கையை எடுத்துத் தன் தொண்டையில் வைத்து, "அப்... பா" என்றான். உள்ளே வண்டு பறப்பதுபோல் அதிர்ந்தது. நான் சரியாகச் சொல்கிறேனா என்று என் உதட்டையே பார்த்தான்.

அதுதான் அவன் வாயில் வந்த முதல் சொல். சந்தோஷம்தான். ஆனாலும் வயிறு எரிகிறதே அப்பா. தெருவில் அவனைக் கேலி செய்தவர்களோடெல்லாம் மல்லுக்கு நின்றவள் நான். பெயர் வந்தது, போய்ச் சேர்ந்த உங்களுக்கு. இது நியாயமா?

டீச்சரிடமே கேட்டேன். "'ப' உதட்டுல தெரியும். 'க' உள்ள ஒளிஞ்சிருக்கு. அதனால அக்கா கடைசியிலதான் வருவா, வருசங்கூட ஆகும். அண்ணாந்து தண்ணி கொப்பளிக்கச் சொல்லு, அந்த இடம் பழகும்" என்றார்.

காலையில் நாங்கள் இருவரும் கிணற்றடியில் அண்ணாந்து நின்று கொப்பளிக்கிறோம். "குடிக்கவே தண்ணி இல்லாத ஊருல அக்காளும் தம்பியும் கச்சேரியா வைக்கிறீக?" என்று வீட்டுக்காரம்மா வைகிறார். கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டு, அவர் உள்ளே போனதும் தொடங்குகிறோம்.

அம்மாவின் முகத்தை அவனுக்கே விட்டுக்கொடுத்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள், அதற்கு வேறு வழி யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் இது சத்தியம். அந்த 'க' வரும்வரை என் தொண்டை முத்துவுடையது. வந்த அன்று அவன் கூப்பிட்டதும் திரும்பிவிட மாட்டேன் அப்பா. இன்னொரு தடவை கூப்பிட வைப்பேன்.

உங்கள் மூத்தவள்,
முத்து இன்னும் கூப்பிடாத அக்கா,
பூங்கொடி