புது நாற்காலியின் அளவு

12 ஆகஸ்ட் 1971, வியாழன்

முதுகு வலிக்கிறது, டைப் அடிக்கத் தோதாக ஒரு நாற்காலி வேண்டும் என்று மேனேஜரிடம் எத்தனை முறை கேட்டிருப்பேன்! இன்று இரும்புலியூர் ஆசாரி புது நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். ஆசையாக உட்கார்ந்தேன். கால் தரைக்கு எட்டவில்லை.

“யாருக்கு அளவெடுத்தீங்க?”

“திங்கக்கெழம இந்த மெஷின்ல ஒரு உசரமான பொண்ணு டைப் அடிச்சிகினு இருந்துச்சேம்மா, அதுக்குத்தான். சார்தான் எடுக்கச் சொன்னாரு.”

திங்கட்கிழமை நான் முதுகுவலி என்று லீவில் இருந்தேன்.

மேனேஜர் பேப்பரிலிருந்து தலை நிமிரவில்லை. “அதுலயே உட்காரும்மா. கொஞ்ச நாளைக்குத்தானே” என்றார்.

வீட்டில் நாற்காலி வந்ததை மட்டும் சொன்னேன். சற்று முன் அம்மா முதுகில் தைலம் தேய்த்துக்கொண்டே, “இனிமே கவலையில்ல, அதான் நாற்காலி வந்துடுச்சே” என்றாள். உம் கொட்டினேன்.