பகல் நேரப் பூட்டு

மார்ச் 7, சனி

விமர்சனம் வந்துவிட்டது. தலைப்பைப் பத்திரிகை டெஸ்க்கில் மாற்றியிருக்கிறார்கள். நான் வைத்தது இதைவிட மந்தம், அதனால் சண்டை போடவில்லை. எழுதியதில் கை வைக்கவில்லை: 'முதல் எட்டு மணி நேரம் ஒரு நகரத்தைக் கட்ட வைக்கிறார்கள். அடுத்த முப்பது மணி நேரம் அதே ஐந்து முகங்களைத் திரும்பத் திரும்பச் சுட வைக்கிறார்கள்.'

இருபத்திரண்டு வருஷம் கோர்ட் செய்தி எழுதியவள் ஐம்பத்து மூன்று வயதில் கேம் விமர்சனம் எழுதுவது அலுவலகத்தில் சிலருக்கு இன்னமும் சிரிப்பு. சிரிக்கட்டும். சாட்சிக் கூண்டுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. என்ன நடந்தது, எத்தனை முறை, எந்த வரிசையில். அவ்வளவுதான்.

மார்ச் 9, திங்கள்

காலை 9.20க்கு கேம் நிறுவனத்தின் விளம்பரப் பிரிவிலிருந்து போன். நான் ஆடும் கன்சோலும் அவர்களுடையது, நான் கிழித்த கேமும் அவர்களுடையது. எப்போதும் பேசும் அதே பெண். "ரொம்ப நேர்மையா எழுதியிருந்தீங்க மேடம். எங்க ஆளுங்க எல்லாரும் படிச்சாங்க" என்றாள். குரலில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல்.

9.50க்கு கன்சோலைப் போட்டேன். டவுன்லோட் செய்து வைத்திருக்கும் நாற்பத்தொரு கேமின் மேலும் சின்னப் பூட்டுப் படம். எதைத் தொட்டாலும் ஒரே வாசகம்: 'தற்போது உங்கள் உரிமையைச் சரிபார்க்க இயலவில்லை.'

எல்லாரும் படித்தார்களாமே. யார் அந்த எல்லாரும்?

மார்ச் 10, செவ்வாய்

மறுபடியும். 9.45 முதல் நான் கிளம்பும் வரை பூட்டு.

ஒரு சாத்தியத்தை முதலில் ஒதுக்க வேண்டியிருந்தது. என் கணக்குக்கு முதன்மைக் கன்சோலாகத் தங்கை வீட்டில் இருப்பதைப் பதிந்து வைத்திருக்கிறேன். ஒரு தடவை வாங்கினால் இரண்டு வீட்டிலும் ஆடலாம். கேம் ஆடுகிறவர்களில் பாதிப் பேர் செய்வதுதான். ஒரே சிக்கல், முதன்மைக் கன்சோலில் யாராவது ஆடிக்கொண்டிருந்தால் இன்னொன்று பூட்டிக்கொள்ளும். அதனால் பகல் எனக்கு, மாலை தங்கையின் கணவருக்கு என்று ஏற்பாடு. இரண்டு வருஷமாக ஒரு பிசகும் இல்லை.

மாப்பிள்ளைக்கு போன் போட்டேன். "நான் ஆபீஸ்ல இருக்கேன்க்கா. மீட்டிங். அப்புறம் கூப்பிடறேன்." கூட்டம் நடக்கிற சத்தம் எதுவும் இல்லை. நல்ல அறையாக இருக்கும்.

தங்கை ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். எட்டரைக்குப் போனால் ஐந்தரைக்குத்தான் வருவாள். ஆக, பகலில் அந்த வீட்டில் ஆளில்லை. குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்: உறுதி செய்யப்பட்டது.

மார்ச் 12, வியாழன்

உதவி மையத்தின் பதில்: 'உங்கள் அனுபவம் எங்களுக்கு முக்கியம்.' என் கேள்வி நான்கு வரி. அதில் ஒரு வரிக்கும் பதில் இல்லை.

சாயங்காலம் பழைய கேம் டிஸ்க் விற்கும் கடைக்குப் போனேன். கடைக்காரர் டிஸ்க்கைத் தவிர எதையும் கேம் என்றே ஒப்புக்கொள்ளாதவர். எனக்குக் கோர்ட் நாளிலிருந்து பழக்கமான வக்கீல் குமாஸ்தாவும் அங்கே இருந்தார். விஷயத்தைச் சொன்னதும் கடைக்காரர் முகத்தில் கல்யாணக் களை வந்துவிட்டது.

"நான் அப்பவே சொன்னேன் மேடம். அலமாரியில இருந்தா உங்களோடது. காத்துல இருந்தா அவனோடது."

குமாஸ்தா விடவில்லை. டிஸ்க்கும் வெறும் பிளாஸ்டிக்தான், உள்ளே பாதி கேம்கூட இருப்பதில்லை, மிச்சத்தை அதே காற்றிலிருந்துதான் இறக்க வேண்டும் என்றார். நாம் வாங்குவது பொருள் அல்ல, அனுமதி. 'வாங்கு' என்ற பொத்தானை அழுத்தும் முன் அறுபது பக்க ஒப்பந்தத்தை ஒப்புக்கொண்டது யார் என்று என்னையே பார்த்துக் கேட்டார். நான்தான். படித்தேனா? இல்லை. மற்றவர்களின் குற்றப் பத்திரிகையை எல்லாம் வரி விடாமல் படித்தவள்.

கடைக்காரர் ஒரு படி மேலே போனார். இலவசமாகப் பிரதி அனுப்புகிறவனின் கேமைத் திட்டினால் இப்படித்தான் நடக்கும், இத்தனை நாள் நான் திட்டாததால் தெரியவில்லை என்றார். அது தைத்தது. இத்தனை நாள் திட்டவில்லையா நான்?

மார்ச் 15, ஞாயிறு

நேற்றும் இன்றும் பூட்டே இல்லை. பகல் முழுக்கத் திறந்து கிடக்கிறது. ஏன்?

மார்ச் 17, செவ்வாய்

நேற்றும் இன்றும் விடுப்பு. அரை மணிக்கு ஒரு முறை போட்டுப் பார்த்து நேரத்தைக் குறித்தேன். 9.40 பூட்டு. 1.10க்குத் திறந்திருந்தது. 1.45க்கு மறுபடி பூட்டு. 4.50க்குத் திறந்தது, அப்புறம் மாப்பிள்ளையின் நேரம் வரை தொந்தரவு இல்லை. இரண்டு நாளும் ஐந்து நிமிஷம் முன்னே பின்னே.

இயந்திரம் மதியம் சாப்பிடப் போகாது. சனி ஞாயிறு லீவு எடுக்காது. இது ஒரு ஆள். மேஜையில் உட்கார்ந்து, காலையில் வந்து, என் பெயரைத் தேடிப் பூட்டிவிட்டு, மாலை வீட்டுக்குப் போகிற ஆள்.

கட்டுரையை ஆரம்பித்துவிட்டேன்.

மார்ச் 19, வியாழன்

விமர்சித்ததற்காக நிறுவனம் என்னைப் பூட்டுகிறது என்று கட்டுரை கொடுத்துவிட்டேன். நேரப் பட்டியலையும், 9ஆம் தேதி வந்த போனையும் சேர்த்து. ஆசிரியர் இரண்டு முறை படித்தார். உன் கணக்கை வேறு யாராவது எங்கேயாவது பயன்படுத்துகிறார்களா என்று கேட்டார். விசாரித்துவிட்டேன், இல்லை என்றேன். நிறுவனத்திடம் கேட்டாயா? கேட்டேன், மழுப்பினார்கள். "சரி, போடலாம்" என்றார்.

மார்ச் 21, சனி

முழுப் பக்கம். காலையிலிருந்து போன். டிஸ்க் கடைக்காரர் பக்கத்தை வெட்டிக் கண்ணாடிக் கதவில் ஒட்டிவிட்டாராம்.

மதியம் அந்த விளம்பரப் பிரிவுப் பெண். இந்த முறை குரலில் சர்க்கரை இல்லை. "என்னை அந்த வேலையிலேர்ந்து எடுத்துட்டாங்க மேடம். நான் உங்களைப் பாராட்டத்தான் போன் பண்ணேன். அதை மிரட்டல்னு எழுதியிருக்கீங்க." நடிக்கிறாளா? நடிப்பாகவே இருக்கட்டும் என்று ஆசைப்பட்டேன்.

மார்ச் 23, திங்கள்

நிறுவனத்தின் சட்டப் பிரிவிலிருந்து மின்னஞ்சல். மார்ச் 9 முதல் என் கணக்கில் நடந்த எல்லாம், நிமிஷ வாரியாக. நான் குறித்த நேரங்களும் அதுவும் அச்சு மாறாமல் பொருந்துகின்றன. பூட்டிய நேரம் முழுக்க என் கணக்கு 'முதன்மைக் கன்சோலில் பயன்பாட்டில்' இருந்திருக்கிறது. ஆடியது: ஒரு ரயில் ஓட்டும் கேம். எழுபது மணி நேரம்.

இட்டுக்கட்டியது என்றுதான் முதலில் நினைத்தேன். தங்களுக்குச் சாதகமாக ஒரு தாளை உருவாக்க அவர்களுக்கு எவ்வளவு நேரமாகும்? சாயங்காலம் கன்சோலில் அந்த ரயில் கேமைத் திறந்து பார்த்தேன். போன வருஷம் நான் இரண்டு மணி நேரம் ஆடிவிட்டு நிறுத்தியது. இப்போது ஓட்டுநர் பதவி உயர்வு வாங்கியிருக்கிறார். காலை 9.40 வண்டி, மதியம் 1.45 வண்டி. ஒரு நாளும் தவறவில்லை.

ஆபீஸ்ல இருக்கேன்க்கா.

விளம்பரப் பெண்ணை நம்பவில்லை, உதவி மையத்தை நம்பவில்லை, சட்டப் பிரிவை நம்பவில்லை. மாப்பிள்ளையை மட்டும் ஒரே வார்த்தையில் நம்பினேன். வேற்று ஆளாக இருந்திருந்தால் அலுவலகத்துக்கு இன்னொரு போன் போட்டிருப்பேனே. ஏன் போடலை? வீட்டு மனுஷர்னுதானே.

மார்ச் 24, செவ்வாய்

பத்தரைக்குத் தங்கை வீட்டு மணியை அடித்தேன். நெடுநேரம் கழித்துத் திறந்தார். இஸ்திரி கலையாத முழுக்கைச் சட்டை, பெல்ட், முடி படிய வாரியிருந்தது. பின்னால் டிவியில் ஒரு ரயில், ஏதோ ஸ்டேஷனில் நிறுத்தி வைத்திருந்தது.

என்னைப் பார்த்ததும் "கட்டுரை படிச்சேன்க்கா" என்றார். வேறு எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

மார்ச் 6ஆம் தேதியோடு அவர் பிரிவையே மூடிவிட்டார்களாம். தங்கை கிளம்பும்போது கூடவே கிளம்பி, தெருமுனை வரை போய், அவள் பஸ் ஏறியதும் திரும்பி வருகிறார். "இன்னைக்குச் சொல்லிடணும்னுதான் தினமும் நினைக்கிறேன். அவ அலுத்துப்போய் வர்றா. சரி, நாளைக்குன்னு ஆயிடுது."

கோபமாகத்தான் போனேன். பேச்சு எங்கே திரும்புகிறது என்று தெரியாமல், ஏன் இந்த கேம் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். "நல்லாத்தான் இருக்கு. என்ன, லேட்டா போனாலும் யாரும் திட்ட மாட்டேங்கறாங்க. பிளாட்பாரத்துல நிக்கிறவங்க அப்படியே நிக்கிறாங்க. அது ஒண்ணுதான் குறை."

அந்த கேமைப் பற்றி நானும் எழுதியிருக்கிறேன். அறுநூறு வார்த்தை. அதில் எங்கேயும் இதைச் சொல்லவில்லை.

திருத்தம் போட்டே ஆக வேண்டும் என்றேன். அந்தப் பெண்ணின் வேலை போயிருக்கிறது. காரணத்தைச் சொல்லாத திருத்தம் திருத்தமே இல்லை. உங்கள் பெயர் வராது. ஆனால் நேரப் பட்டியல் ஏற்கெனவே அச்சாகிவிட்டது. என் கணக்கு குடும்பத்தில் ஒருவர் கையில் இருந்தது என்று எழுதினால் தங்கை இரண்டையும் சேர்த்துப் படிக்க ஒரு நிமிஷம் போதும். சனிக்கிழமைப் பக்கம் வியாழன் நான்கு மணிக்கு அச்சுக்குப் போய்விடும். "அதுக்குள்ள நீங்க சொல்லிடுங்க மாப்பிள்ளை. பேப்பர் சொல்லக் கூடாது."

தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை எவ்வளவு நம்புவது?

மார்ச் 25, புதன்

ஆசிரியரிடம் சொன்னேன். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மார்ச் 26, வியாழன்

காலை 11.15க்கு மாப்பிள்ளையிடமிருந்து ஒரே சொல்: 'சொல்லிட்டேன்.'

மீட்டிங்கில் இருப்பதாகச் சொன்னவரின் சொல். இன்னொரு வாய் கேட்காமல் அச்சுக்கு விட மாட்டேன். அந்த இன்னொரு வாய் தங்கை. அவர் சொல்லியிருக்காவிட்டால், நான் கேட்பதே சொன்னதாகிவிடும். இருபத்திரண்டு வருஷத்தில் இப்படி ஒரு முட்டுச்சந்து வந்ததில்லை.

ஒரு மணிக்குப் பரிசோதனைக் கூடத்துக்குப் போனேன். காத்திருப்பவர்களோடு நாற்காலியில் உட்கார்ந்தேன். இந்தப் பக்கம் வந்தேன், சாப்பிட்டாயா என்று ஆரம்பிக்க வேண்டும் என்று பாடம் செய்துகொண்டிருந்தேன். தங்கை கையுறையைக் கழற்றியபடி வெளியே வந்தாள். கண் வீங்கியிருந்தது.

"உறுதி பண்ண வந்தியா?"

ஆமாம் என்றேன்.

"நேத்து சாயங்காலம் சொன்னார். ரெண்டரை வாரம் டிபன் பாக்ஸ் கட்டிக் கொடுத்திருக்கேன்க்கா. அதை வீட்டுலயே உக்காந்து சாப்பிட்டிருக்கார்." சிரிக்கவா அழவா என்று அவளுக்கே தெரியவில்லை. பிறகு, "நீ செவ்வாய்க்கிழமையே தெரிஞ்சும் எங்கிட்ட வரலை. அவருக்குத் தவணை கொடுத்துட்டு வந்திருக்கே. நான் யாரு உனக்கு?"

 

நான் எழுந்தபோது திருத்தத்தில் என்ன எழுதப் போகிறேன் என்று கேட்டாள். 'குடும்பத்தில் ஒருவர்' என்றேன். "அது என்ன குடும்பத்தில் ஒருவர்? தங்கை வீட்டுக்காரர்னே எழுது. வேலை போனது திருட்டா என்ன?"

3.35க்குக் கொடுத்தேன். ஆறு வரி.

மார்ச் 28, சனி

திருத்தம் வந்துவிட்டது. பக்கத்தின் மேல்பாதியில், மடிப்புக்கு மேலே, கட்டம் கட்டி. விளம்பரப் பெண்ணுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதினேன். அவளுடைய மேலாளருக்கும் ஒன்று. அவள் பதில்: 'கிடைத்தது. திங்கள் முதல் பழைய இடம்.' வணக்கம்கூட இல்லை. நியாயம்.

டிஸ்க் கடைக்காரருக்கு வருத்தம். கதவிலிருந்து கட்டுரையைக் கிழிக்கச் சொன்னேன். "பூட்ட முடியும்கிறது நிஜம்தானே மேடம்?" என்றார். நிஜம்தான். அவர்கள் பூட்டினார்கள் என்பதுதான் பொய். முதலாவதைப் பற்றித் திரும்ப எழுத, யாரையாவது நிஜமாகவே பூட்டியதற்கு ஆதாரம் வேண்டும், அது என்னிடம் இல்லை என்றேன். முணுமுணுத்துக்கொண்டே பிளேடை எடுத்தார்.

ஐந்து மணிக்குத் தங்கை வீடு. அழைக்காமல்தான் போனேன். கதவைத் திறந்துவிட்டாள், உட்கார் என்று சொல்லவில்லை. மாப்பிள்ளை பனியனோடு சோபாவின் ஓரத்தில், டிவியை அணைத்துவிட்டு, கையை எங்கே வைப்பது என்று தெரியாதவர் மாதிரி இருந்தார். மேஜையில் இரண்டு விண்ணப்பங்கள், பாதி நிரப்பியவை.

பிறகு தங்கை போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். கன்ட்ரோலரை எடுத்து அவர் மடியில் போட்டாள்.

"போடுங்க. வண்டி எங்கெல்லாம் நிக்குதுன்னு நானும் பாக்கறேன்."

முதல் ஸ்டேஷன் வரும் வரை நின்றேன். பிறகு கதவை வெளியிலிருந்து சாத்திக்கொண்டு கிளம்பினேன்.