சேமக்காலைப் பூ

05.03.2025, விபூதிப் புதன்

நெற்றியில் சாம்பல். இனி நாற்பது நாள் பீடத்தில் பூ வைப்பதில்லை. பத்தொன்பது வருடமாகக் கோயிலுக்குப் பூச்சோடிக்கிறவளுக்கு வருடத்தில் கிடைக்கிற ஒரே லீவு இதுதான். வேப்பம்பூ முற்றமெல்லாம் கொட்டிக் கிடக்கிறது, பூவரசும் மஞ்சளாய் நிற்கிறது. தவக்காலம் என்று மரங்களுக்கு யாரும் சொல்லவில்லை போல.

16.03, ஞாயிறு

மகள் ஜெசிக்காவுக்கு இன்று இருபத்தாறு. வவுனியாவிலிருந்து போன் கோல் எடுத்தாள். பக்கத்து வீட்டு சுபத்திரா, "உங்கட மூத்தவளுக்கு விசேஷம் ஒண்டும் இல்லையோ?" என்று கேட்டாள். இல்லை என்றேன்.

மூத்தவள். அந்தச் சொல் இன்னும் குத்துகிறது. இவரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். பேப்பரை மறுபக்கம் திருப்பினார்.

23.03, ஞாயிறு

பூசை முடிவில் அறிவித்தல் வாசித்தார் இவர். இருபது வருடமாக இவர்தான் வாசிக்கிறார். தாளில் இருப்பதை வாசிப்பார், ஒரு சொல் கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார்.

குருத்தோலை ஞாயிறுக்கு முதல் நாள் கல்லறைகள் இருக்கிற சேமக்காலையில் ஊர் கூடிச் சிரமதானமாம். களையெல்லாம் பிடுங்கி, வேலியோர மூலைக்குக் கிறவல் மண் கொட்டுவார்களாம். வாசிக்கும்போது குரல் கொஞ்சமும் மாறவில்லை.

வேலியோர மூலை. அங்கே என்ன இருக்கிறதென்று இந்த மனிசனுக்குத் தெரியாதோ? இவர்தானே கொண்டுபோய் வச்சவர்.

24.03

எழுதிவிடுகிறேன். இந்தக் கொப்பியிலாவது இருக்கட்டும்.

தொண்ணூற்றேழில், பாஸ்கா என்கிற உயிர்த்த திருநாளுக்கு ஒரு கிழமைக்கு முன்னர், ஆஸ்பத்திரியில் எனக்கு முதல் பிள்ளை மூச்சில்லாமல் பிறந்தது. பெண்பிள்ளை. தலை நிறைய மயிர். பாஸ்காவோடு பிறந்தால் பஸ்கலினா என்று வைப்போம் என்று முன்னமே சொல்லி வைத்தது இவர்தான்.

ஞானஸ்நானம் இல்லாத பிள்ளைக்குக் குருசு நாட்டக்கூடாது என்றார் அப்போதிருந்த கோயில் மூப்பர். இவர் பிள்ளையை வெறும் சவர்க்காரப் பெட்டியில் வைத்து வேலியோர மூலைக்குத் தனியாகக் கொண்டுபோனார். திரும்பி வந்து கிணற்றடியில் நெடுநேரம் கை கழுவினார். அதற்குப் பிறகு அந்தப் பெயர் இவர் வாயில் வரவில்லை.

பிள்ளைப்பேற்றுத் துடக்கு முடிந்ததும் நான் போனேன். மண் புதிதாய்க் கிடந்த இடத்தில் வெள்ளை நித்தியகல்யாணிக் கொப்பு ஒன்றை ஊன்றினேன். குருசுதானே கூடாது, பூவைக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. உப்புத் தண்ணீரிலும் பிடித்துக்கொண்டது. ஆடு கடிக்காது, கழுதையும் வாய் வைக்காது. இன்று சேமக்காலை முழுக்க அதுதான். ஊர் அதற்குச் சேமக்காலைப் பூ என்று பெயர் வைத்து, வீட்டு வாசலில் நடவும் பயப்படுகிறது. தானாய் முளைத்த களை என்று நினைக்கிறார்கள்.

02.04, புதன்

பங்குச் சபைச் செயலாளர் நிறோஜன் வந்தான். ஓடியாடி வேலை செய்கிறவன், குறை சொல்ல ஏலாது.

"அன்ரி, பாஸ்காவுக்கு இந்த முறை கொழும்பில இருந்து வெள்ளை லில்லி எடுப்பம்."

"வேண்டாம். பூ நான் தாறன். சேமக்காலையில நிக்குது."

"அது செத்த வீட்டுப் பூவெல்லே. கோயிலுக்குள்ள கூடாது."

"ஆண்டவரை எங்கை தம்பி வச்சவை? சேமக்காலையிலதானே. எழும்பினதும் அங்கையிருந்துதானே."

அவன் தேத்தண்ணியைக் குடித்தான். கிறவலைப் பற்றியும் சொன்னேன், அந்த மூலையைத் தொட வேண்டாம் என்று. சபையில் தீர்மானித்தாயிற்று என்றான். தீர்மானியுங்கோ. நானும் தீர்மானித்துவிட்டேன்.

12.04, சனி

காலை ஆறு மணிக்கே கதிரையைத் தூக்கிக்கொண்டு போனேன். மூலையில் பூவுக்கு நடுவே போட்டு உட்கார்ந்தேன்.

"அன்ரி, எழும்புங்கோ. வெயில் ஏறுது," என்றான் நிறோஜன்.

"ஏறட்டும். மன்னார் வெயில் எனக்குப் புதுசோ?"

மற்ற இடமெல்லாம் பிடுங்கிக்கொண்டு வந்தார்கள். கிறவல் ஏற்றிய ட்ரக்டர் வாசலில் இரைந்துகொண்டு நின்றது. கடைசியில் மண்வெட்டியோடு இவரை அனுப்பினார்கள். புருசன் சொன்னால் கேட்பாளாம்.

இவர் நாலு முழம் தள்ளி நின்று கதிரையின் காலடியைப் பார்த்தார். "வெட்டுங்கோவன்" எண்டன். உங்கட கையாலதானே வச்சனீங்கள், உங்கட கையாலயே வெட்டுங்கோ எண்டன். மனிசன் திரும்பி மற்றப் பக்கம் போயிட்டுது. பேசாமல் போறதை விட்டால் வேற என்ன தெரியும் அந்த மனிசனுக்கு?

கிறவலை வாசலிலேயே கொட்டிவிட்டுப் போனார்கள். மூலை தப்பியது. பின்னேரம்தான் எழும்பினேன், முதுகு தோலுரிந்துவிட்டது.

13.04, குருத்தோலை ஞாயிறு

ஓலை வாங்கினேன், ஓசன்னா பாடினேன். பாதிப் பேர் என்னோடு கதைக்கவில்லை, பரவாயில்லை.

17.04, பெரிய வியாழன்

உயிர்த்த ஞாயிறு உபயகாரர் பட்டியல் எழுதினான் நிறோஜன். மூலையை விட்டுக்கொடுத்தது போலப் பூவையும் என்னிடமே விட்டுவிட்டான்.

"பூ ஆரின்ர பேரில அன்ரி?"

"பஸ்கலினா."

"ஆர் அது?"

"நீ எழுது."

18.04, பெரிய வெள்ளி

ஆண்டவரின் சுரூபம் கிடத்திய ஆசந்திக்கு இவர் தோள் கொடுத்தார். இறக்கி வைத்த பிறகும் கையை எடுக்காமல் நின்றார்.

19.04, பெரிய சனி

பங்குச் சுவாமியிடம் அனுமதி கேட்கவில்லை. கேட்டால்தானே இல்லை என்பார். மூன்று பேசன் நிறையப் பூப் பறித்து, பீடத்துக்குப் பக்கத்தில் கட்டியிருந்த வெறுங்கல்லறையைச் சுற்றி அடுக்கினேன். சுவாமி வந்து பார்த்தார். "எங்கட மண்ணிலயோ பூத்தது?" என்றார். ஓம் என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார்.

பூசை உடுப்பு வைக்கிற அறையில் பட்டியல் ஒட்டியிருந்தது. பஸ்கலினாவை வெட்டி, இவர் பெயரில் அமிர்தநாயகம் குடும்பம் என்று எழுதியிருக்கிறது. நிறோஜனைப் பிடித்துக் கேட்டேன்.

"பதிவுப் புத்தகத்தில பாத்தனான் அன்ரி. அப்பிடி ஒருத்தர் எங்கட பங்கில இல்லை."

இல்லைத்தான். சவர்க்காரப் பெட்டிக்கு ஆர் பதிவு வைக்கிறது? பூவை விட்டிட்டாங்கள், பேரை விடேல்லை.

அவனுக்கு முன்னால் அழவில்லை. வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன்: "நாளைக்கு நீங்கள் அதை அப்பிடியே வாசிச்சால், நான் கோயிலுக்குள்ள எழும்பி நிண்டு அவளின்ர பேரைச் சொல்லுவன். சனம் சிரிச்சால் சிரிக்கட்டும்."

இவர் மணிக்கூட்டைக் கழற்றி மேசையில் வைத்தார். "படு, மாக்கிறட்" என்றார்.

20.04, உயிர்த்த ஞாயிறு

காலைப் பூசை முடிந்து இவர் பட்டியலோடு மைக்குக்குப் போனார். மெழுகுதிரி உபயம் அந்தோனிமுத்து குடும்பம். நான் முன்னால் இருந்த வாங்குப் பலகையைப் பிடித்துக்கொண்டு எழும்பிவிட்டேன். பக்கத்தில் இருந்தவள் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"பூ உபயம்," என்றார் இவர். நின்றார். கண்ணாடியைக் கழற்றினார்.

"பூ உபயம், எங்கட மூத்த பிள்ளை பஸ்கலினா."

வெளியே பூவரசில் கட்டியிருந்த ஒலிபெருக்கியிலும் கேட்டது. கடற்கரை வரைக்கும் கேட்டிருக்கும். இவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அடுத்த உபயத்தை வாசித்தார். நான் நின்றபடியே நின்றேன். உட்கார வேண்டும் என்ற நினைவு வரவில்லை.

21.04, திங்கள்

விடிய இவரைக் காணவில்லை. சேமக்காலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றாராம், சுபத்திரா சொன்னாள்.

பின்னேரம் ஜெசிக்கா கோல் எடுத்தாள். யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"அம்மா, அப்ப நான் ரெண்டாவது பிள்ளையோ?"

"ஓம்" எண்டன்.