நீ ஒட்டிய ‘அழிக்காதே’ சீட்டு

என் பிரியமுள்ள சாமு அண்ணே,

நீ கண்ணை மூடி மூன்று மாதமாகிறது. தினமும் உனக்காக அழுதேன். போன வாரத்திலிருந்து அழவில்லை. காரணம் உனக்குத் தெரியும். இருந்தாலும் நான் சொல்ல, நீ கேட்டுத்தான் ஆக வேண்டும். இத்தனை வருஷம் நீதான் வாயே திறக்கவில்லையே.

உன் மகள் ஹெலன் லண்டனிலிருந்து போன் பண்ணினாள். உன் அலமாரியில் கிடந்த ஒரு டேப்பை டெலிவிஷன் ஆவணக் காப்பகத்துக்காரர்கள் வாங்கிப் போனார்களாம். அந்தக் காலத்தில் ஒளிபரப்பிவிட்டு அழித்துப்போட்ட ஒரு நகைச்சுவை நிகழ்ச்சி. படம் போனது போனதுதான், சத்தமாவது முழுசாக மிஞ்சியிருக்கிறது, அதுவும் உன்னால் என்று பேப்பரில் உன் போட்டோவோடு வந்திருக்கிறது. “அப்பா ஹீரோ ஆயிட்டாங்க அத்தை” என்றாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

லண்டன் டெலிவிஷனில் உன் வேலையே டேப்பை அழிப்பதுதானே? லீவில் வந்தபோது சொல்லியிருக்கிறாய். டேப் விலை அதிகம் என்று அதையே திரும்பத் திரும்ப உபயோகிப்பார்கள். பெட்டியில் ‘வைத்திரு’ என்று சீட்டு ஒட்டியிருந்தால் தப்பும், ஒட்டாததெல்லாம் உன் மெஷினுக்கு வரும். ராஜா ராணி ஊர்வலத்துக்கெல்லாம் சீட்டு உண்டு, சிரிக்க வைக்கிறவனுக்குக் கிடையாது என்று வருத்தப்பட்டாய். உனக்கு எவ்வளவு இளகிய மனசு என்று நினைத்துக்கொண்டேன்.

ஹெலன் பெட்டியின் போட்டோவையும் அனுப்பியிருந்தாள். அதில் உன் குண்டுக் கையெழுத்தில், தமிழில், ‘அழிக்காதே’ என்று ஒரு சீட்டு. பெட்டியைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஓரத்தில் நான் டீச்சராக இருந்த பள்ளிக்கூடத்து ஊதா மை கொட்டிய கறை. அது என் டேப், அண்ணே.

சர்ச் பாட்டுக் குழுவுக்காக நீ வாங்கிவந்த ரெக்கார்டரில் நான் எடுத்தது. புது ஆட்சி வந்து, குத்தகைக்காரர் பெயரைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று சட்டம் போட்ட சமயம். கீழ்வேளூர்ப் பக்கம் யாரிடம் காகிதம் இருந்தது? எல்லாம் வாய்ப்பேச்சுக் குத்தகை. மிராசுதார் நிலத்தில் வீராயியின் புருஷன் சாகுபடி செய்தான். அவன் செத்த பிறகு அவள் செய்தாள். வரப்பில் அவள் கால் படாத இடம் கிடையாது, ஆதாரம் என்று கேட்டால் ஒரு துண்டுச் சீட்டு கிடையாது.

சமரசம் பேச மிராசுதார் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். மேசைமேல் ரெக்கார்டரைப் பார்த்ததும் அவருக்கு ஆசை வந்துவிட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டு, மேடையில் பேசுகிற மாதிரிப் பேசினார். வீராயி குடும்பம் இருபது வருஷமாகத் தன் நிலத்தில் குத்தகைதான், பெயரைப் பதிந்தால் ஆட்சேபம் இல்லை என்றார். கூட்டம் கலைந்த பிறகு போட்டுக் காட்டச் சொல்லித் தன் குரலைத் தானே ரசித்தார். பத்து நாள் கழித்துத்தான் யாரோ அவருக்குப் புத்தி சொல்லியிருக்க வேண்டும். காரியஸ்தர் என் வீட்டுக்கு நடையாய் நடந்து டேப்பைக் கேட்டார்.

அந்தச் சமயம் நீ லீவில் வந்திருந்தாய். ஊரில் எந்த வீட்டிலும் வைக்க முடியாது என்று உன் கையில் கொடுத்தேன். அதில் என்ன இருக்கிறது என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். விசாரணைத் தேதி வந்ததும் எழுதுகிறேன், தபாலில் அனுப்பு என்றேன். “இது என் உயிர் மாதிரி, போம்மா” என்றாய்.

நான் எழுதினேன். நீ என்ன பதில் போட்டாய்? வீட்டில் ஈரம் இறங்கி டேப் பாழாகிவிட்டது, மன்னித்துக்கொள் என்று. நானோ, நீ என்ன செய்வாய் பாவம், மனசைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே என்று உனக்கு ஆறுதல் எழுதினேன். அதைப் படிக்கும்போது உனக்கு எப்படி இருந்தது, அண்ணே?

தாசில்தார் ஆதாரம் கேட்டார். மிராசுதார், தான் அப்படிச் சொல்லவே இல்லை என்றார். வீராயி திரும்பி என்னைப் பார்த்தாள். அடுத்த சம்பாவுக்கு அவள் நிலத்தில் வேறு ஆட்கள் நட்டார்கள். டீச்சர் டேப்பை மிராசுதாரிடம் விற்றுவிட்டாள் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். வீராயி என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாய்க்காலின் இந்தக் கரையில் நான் வந்தால் மதகு தாண்டி அந்தக் கரைக்குப் போய்விடுவாள். சாகும்வரை அப்படித்தான்.

அழிக்க வந்த நிகழ்ச்சியை விட மனசில்லாமல், அதன் சத்தத்தை மட்டும் வீட்டில் கிடந்த ஒரு பழைய டேப்பில் பதிந்ததாக ஹெலனிடம் சொன்னாயாமே. வீட்டில் கிடந்த பழைய டேப்! நான் கொடுத்த அன்றே அதற்கு ஒரு சீட்டு ஒட்ட உனக்குக் கை வரவில்லையா?

ஹெலன் போனில் அனுப்பிய நிகழ்ச்சியைக் கேட்டேன். ஓர் ஆபீஸில் தொலைந்த தொப்பியைத் தேடி ஒருவன் வருகிறான். தொப்பி மேசைமேலேயே இருக்கிறதாம். உன்னுடையது என்பதற்கு என்ன ஆதாரம் என்கிறான் குமாஸ்தா. அவன் தலையில் வைத்துக் காட்டுகிறான். பொருந்துகிறது. எல்லாருக்கும்தான் தலை இருக்கிறது என்கிறான் குமாஸ்தா. கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கிறது. நல்ல வேடிக்கைதான். வேறு டேப்பில் இருந்திருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

கடைசியில் கைதட்டல் முடிந்ததும் ஏதோ தமிழ்ப் பேச்சு வருகிறது, வேண்டாத சத்தம் என்று அதை வெட்டிவிடப் போகிறார்கள், யார் குரல் அது என்று ஹெலன் கேட்டிருந்தாள். நிகழ்ச்சி அரைமணி நேரம்தான், டேப் அதைவிட நீளம். மிராசுதார் பேசியதெல்லாம் முன்பாதி, அது போய்விட்டது. மிஞ்சியது கூட்டம் கலைகிற சத்தம், பெஞ்சு இழுபடுகிற சத்தம். பிறகு வீராயி.

“டீச்சர், அய்யா சொன்னது இதுக்குள்ள இருக்குங்களா?”

“இருக்கு வீராயி. இனிமே அது எங்க போவப் போவுது?”

அந்த இரண்டாவது குரல் என்னுடையது.

உன்னை மன்னித்துவிட்டதாக எழுத முடியவில்லை, பொய் எழுதுவது உன் வழக்கம். ஒன்று மட்டும் சத்தியமாகச் சொல்கிறேன். டேப்பின் அந்த வாலை வெட்டக் கூடாது, அதற்கும் சீட்டு ஒட்ட வேண்டும் என்று ஹெலன் மூலம் எழுதிக் கேட்டுவிட்டேன். நாளைக் காலை மதகு தாண்டி வீராயியின் மகள் வீட்டுக்குப் போகிறேன். அவள் அம்மாவின் குரலைப் போட்டுக் காட்டிவிட்டு, டேப்பை அழித்தது யார் என்று உன் பெயரைச் சொல்லப் போகிறேன்.

உன் கையில் கொடுத்தால் பத்திரம் என்று நம்பிய,
உன் ஒரே தங்கை
எஸ்தர்